மொரீஷியஸின் கருப்பொருள்

நம் தீவின் வரலாறு, மக்கள், இயற்கை ஆகிய மூன்றையும் ஒரே கட்டுரையில் எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தார்கள். டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வந்து போனவர்களின் வரிசை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். காவடியையும், ஆப்ரவாசி காட்டின் பதினாறு படிகளையும், பணத்தாளில் இருக்கும் தமிழெழுத்தையும் இம்மலரைக் கையில் எடுப்போருக்கு விளக்க வேண்டியதில்லை. அவற்றை விடுத்து, தொல்காப்பியர் காட்டிய வழியில் நம் தீவைப் பார்க்க விரும்புகிறேன்.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்கிறது அகத்திணையியல். அந்நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். இவற்றைச் சார்ந்து எழும் மக்களின் வாழ்வொழுக்கமே உரிப்பொருள். பறவையையும் பறையையும், மரத்தையும் தொழிலையும் ஒரே வரிசையில் வைத்த இந்த ஞானத்தை எண்ணும்போதெல்லாம் உள்ளம் நிமிர்கிறது. காட்டின் கதை வேறு, கூலியாளின் கதை வேறு என்று இன்றும் தனித்தனியே நூல்கள் எழுதப்படுகின்றன. நம் ஆசானோ இரண்டையும் பிரிக்கவே இல்லை. தோட்டக் குடியேற்ற நாடு என்பது என்ன என்று என்னைக் கேட்டால், ஒரு நிலத்தின் கருப்பொருள் அத்தனையையும் இலாபத்துக்காகப் பெயர்த்தெறிந்து வேறொன்றை நட்ட நாடு என்பேன்.

புள்

எரிமலை எழுப்பிய இத்தீவின் வயது ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகள். 1598இல் டச்சுக் கப்பல்கள் வந்தபோது இங்கே மனிதர் இல்லை. வௌவாலைத் தவிர நிலத்துப் பாலூட்டி எதுவும் இல்லை. அஞ்சுவதற்குப் பகை இல்லாத மண்ணில் டோடோ பறக்கும் தேவையின்றி வாழ்ந்தது. கப்பலோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும் அதன் முட்டைகளைத் தின்றன. மனிதன் காட்டை வெட்டினான். டோடோவை உயிரோடு கண்டதாகப் பலரும் ஏற்கும் கடைசிக் குறிப்பு 1662ஆம் ஆண்டினது. நூறாண்டுக்குள் ஒரு புள் மண்ணோடு மண்ணானது.

இதுவரை உலகம் அறியும். அடுத்து நடந்ததை நம்மவர் அதிகம் பேசுவதில்லை. 1865இல் மாஏபூரை அடுத்த மார் ஓ சோங்ஜ் சதுப்பு நிலத்தில், இருப்புப்பாதை வேலை நடந்துகொண்டிருந்தபோது, கூலியாட்கள் சிலர் கரிமண் வெட்டினார்கள். மண்ணோடு வந்த எலும்புகளைத் தனியே பிரித்துக் குவித்தார்கள். அதைக் கண்ட பொறியாளர் ஹிகின்சன், மாஏபூர்ப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் கிளார்க்குக்குச் செய்தி சொன்னார். பல ஆண்டுகளாக டோடோவின் எலும்பைத் தேடிக்கொண்டிருந்தவர் கிளார்க். அவர் ஆட்களைச் சதுப்பின் நடுவே இறக்கினார். மூன்றடி நீரில் நின்று, வெறுங்காலால் சேற்றைத் துழாவி, அவர்கள் டோடோவின் கால் எலும்புகளை எடுத்துக் கொடுத்தார்கள். அவை லண்டன் போயின. மறு ஆண்டே உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் அவற்றை ஆராய்ந்து எழுதினார்.

அக்காலத்தில் இத்தீவில் கூலியாட்கள் என்றால் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்களே. கண்டெடுத்தவர் என்று கிளார்க்கின் பெயர் அருங்காட்சியகங்களில் நிற்கிறது. சேற்றில் இறங்கிய கால்களுக்குப் பெயர் இல்லை. டோடோவை மண்ணிலிருந்து மீட்டவர்கள் நம் முன்னோர் போன்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்ல வேண்டும்.

போன புள் அது. வந்த புள்ளும் உண்டு. வெட்டுக்கிளியை ஒழிக்க 1760களில் பிரெஞ்சுக்காரர் இந்தியாவிலிருந்து மைனாவைக் கொண்டு வந்தார்கள். அதுவும் நம்மைப் போலவே வேலைக்கென்று வரவழைக்கப்பட்டது.

மரம்

டச்சுக்காரர் முதலில் கைவைத்தது கருங்காலியில். இங்குள்ள கருங்காலி நம் தாய்நிலத்துக் கருங்காலியின் பேரினத்தைச் சேர்ந்ததே. அதே கையால் 1639இல் ஜாவாவிலிருந்து கரும்பைக் கொணர்ந்து நட்டார்கள். கரும்பு எங்கிருந்தோ வந்த பயிர் என்ற நினைவு தமிழருக்குப் புதிதன்று. அதியமானின் முன்னோர் இம்மண்ணுக்குக் கரும்பைக் கொண்டுவந்து தந்தவர்கள் என்று ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். தேவரைப் போற்றிய செயலோடு சேர்த்து அதை அரிய அறமாகவே அவர் வைத்தார். அதே கரும்பு இங்கே வந்த விதத்தைப் பாருங்கள். அங்கே கொடையாக வந்தது. இங்கே கணக்கேட்டில் ஏறி வந்தது.

பிரெஞ்சுக் காலத்திலும் நல்லெண்ணம் கொண்டவர் இருந்தனர். பாம்பிள்மூஸ் தோட்டத்தை வளர்த்த பியர் பொவார், காடு அழிந்தால் மழை குறையும் என்று உணர்ந்தார். அவர் காலத்தில், 1769இல், காடு காக்கச் சட்டம் வந்தது. உலகிலேயே மிகப் பழைய காடு காப்புச் சட்டங்களில் அதுவும் ஒன்று. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த முறையை அந்தப் பிரெஞ்சு அதிகாரி அறிந்திருக்க மாட்டார், எண்ணம் அதுவே.

ஆங்கிலேயர் கையில் தீவு வந்தபின், 1825இல், மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரைக்கு நிகரான சுங்கமே மொரீஷியஸ் சர்க்கரைக்கும் என்று ஆணை பிறந்தது. காட்டின் விதி அன்று எழுதப்பட்டது. 1850களின் நடுவில் ஆண்டு விளைச்சல் ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. கரும்பு வயல்களின் நடுவே மலைபோல் குவிந்திருக்கும் கருங்கற்களை அறியாதவர் நம்மில் இல்லை. ஒவ்வொரு கல்லையும் ஒருவர் குனிந்து எடுத்துத் தூக்கி வைத்திருக்கிறார். மன்னர்கள் எழுப்பிய கோபுரங்களுக்குக் கல்வெட்டு உண்டு. இந்தக் குவியல்களுக்கு இல்லை.

கரும்பு பெருகிய அதே காலத்தில், 1866 முதல் 1868 வரை, மலேரியா பல்லாயிரவரைக் கொன்றது. வசதி படைத்தோர் போர்ட் லூயியை விட்டு க்யூர்பீப் மேட்டுக்கு ஏறினர். வயலில் நின்றவர் எங்கே ஏறுவார்?

இன்று நல்ல நிலையில் எஞ்சிய தொல்காடு தீவின் பரப்பில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. க்யூர்பீப் தாவரத் தோட்டத்தில் ஒரு பனையினம் இருக்கிறது. அதன் இனத்தில் உலகிலேயே அந்த ஒரு மரம்தான் மிச்சம்.

தொழில்

மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களே இத்தோட்டத்தின் முதல் கைகள். இந்தியாவிலிருந்து வந்த அடிமைகளும் இருந்தனர். பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து வந்த நம் கைவினைஞர்கள் போர்ட் லூயியை எழுப்பியதைப் பேசும் நாம், அதே துறையில் விலங்கோடு இறங்கியவர்களை மறக்கலாகாது. 1835 பிப்ரவரி 1 அன்று அடிமைமுறை ஒழிந்தபோது, உடைமையாளருக்கு இழப்பீடாக இருபது லட்சம் பவுனுக்கு மேல் கிடைத்தது. விடுதலை பெற்றவருக்கு ஒரு காசும் இல்லை.

அதற்கு மூன்று மாதம் முன்னரே, 1834 நவம்பர் 2இல், ‘அட்லஸ்’ கப்பல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் 36 பேரைக் கொண்டு வந்துவிட்டது. பின்னர் வந்தோர் ஏறத்தாழ நாலரை லட்சம். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி போகும். ஒப்பந்தம் முடிந்தவனும் படம் ஒட்டிய சீட்டு இல்லாமல் சாலையில் நடந்தால் நாடோடி என்று பிடிபடுவான். 1871இல் தோட்ட நிர்வாகி அதால்ஃப் தெ பிளெவிட்ஸ் துணைநிற்க, 9,401 பேர் ஒப்பமிட்டு விண்ணப்பம் தந்தார்கள். அதன் பிறகே அரச விசாரணைக் குழு வந்தது.

1943 செப்டம்பர் 27. பெல் வ்யூ ஆரெல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். காவலர் சுட்டதில் நால்வர் மாண்டனர். அவர்களில் அஞ்சலை கூப்பன் வயிற்றில் பிள்ளையைச் சுமந்தவர். புறநானூற்றுத் தாயர் மகனைப் போருக்கு அனுப்பியதைப் படித்துக் கண்ணீர் விடுகிறோம். அஞ்சலை தாமே களத்தில் நின்றார். அவர் பெயரில் விளையாட்டரங்கம் இருக்கிறது. அங்கே பந்தாடும் இளைஞர்கள் அப்பெயருக்கு உரியவர் யார் என்று அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

பறையும் தெய்வமும்

ஆட்டுத்தோல் போர்த்திய ரவான், அடிமைகள் இத்தீவுக்கு அளித்த பறை. நெருப்பில் காய்ச்சி அடிக்கும் அதன் ஒலியில் சேகா இசை பிறந்தது. நம் பறையையும் அப்படியே காய்ச்சித்தான் அடிக்கிறோம். கோர் தெ கார்த் மலைச்சரிவில் கோயில் கொண்ட குமரன், குறிஞ்சித் தெய்வம் இங்கும் குன்று தேடி அமர்ந்ததற்குச் சான்று. செப்டம்பரில் கத்தோலிக்கக் குரு தந்தை லவாலின் கல்லறைக்குச் செல்லும் கூட்டத்தில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறார்கள். நம் காவடியிலும் அப்படியே.

பூவும் பறவையும் தமக்குரிய நிலத்திலும் பொழுதிலும் அமையாது வேறிடத்தில் வந்தாலும், வந்த நிலத்துக்கே உரியவையாகக் கொள்ளப்படும் என்று தொல்காப்பியர் விதி வகுத்தார். ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே நமக்காக எழுதி வைத்தாரோ என்று தோன்றும். யாரும் நம்மை வந்தேறி என்று சொல்ல இனி இடமில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த விதி பாட்டுக்கு உரியது. காட்டுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. உப்பும் மிளகாயும் தொட்டு நாம் விரும்பித் தின்னும் சீனக் கொய்யா பிரேசிலிலிருந்து வந்தது. பிளாக் ரிவர் மலைக்காட்டில் அது அடர்ந்து, நம் மண்ணின் கன்றுகளை எழவிடாமல் நெரிக்கிறது. வந்தவர்களில் மனிதருக்கு மட்டும் ஒரு கூடுதல் தகுதி உண்டு: தாம் வந்த நிலத்தைக் காக்கத் தெரியும். 1974இல் நான்கே எஞ்சியிருந்த மொரீஷியஸ் வல்லூறு இன்று நூற்றுக்கணக்கில் பறக்கிறது. பறவைக் காப்பாளர் கார்ல் ஜோன்ஸும் அவரோடு உழைத்த நம் தீவுப் பிள்ளைகளும் கூண்டில் குஞ்சு வளர்த்துக் காட்டில் விட்ட உழைப்பின் பயன் அது.

2006 தொடங்கி ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரை விலையை 36 விழுக்காடு குறைத்ததிலிருந்து கரும்பு நிலம் சுருங்கி வருகிறது. காலியாகும் நிலமெல்லாம் மாளிகை மனைகளாவதற்கு முன், கோயில் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கோயிலும் தன் தலமரத்தின் அருகே இத்தீவின் கருங்காலிக் கன்று ஒன்றை நடட்டும். காவடி விரதம் முடித்த இளைஞர்களை ஓராண்டு அதற்கு நீரூற்றப் பணிக்கட்டும். இடம் உள்ள கோயில்கள் கால் ஏக்கரில் கொய்யாவைக் களைந்து மண்ணின் மரங்களை வளர்க்கட்டும். விடுமுறையில் பிள்ளைகளை இல் ஓ ஸெக்ரெத் தீவுக்கு அழைத்துச் சென்று மீண்டெழும் தொல்காட்டைக் காட்டட்டும். அடுத்த தைப்பூசத்துக்கு முன் கன்றுகள் மண்ணில் இருக்க வேண்டும்.