துண்டுச் சீட்டில் இருந்து ஒப்படை வரை: ஊடகமும் தொழில்நுட்பமும் படிக்கப் போகும் மலையகப் பிள்ளைகளுக்கு

கெம்பஸ் கிடைத்த செய்தி லயத்துக்கு வந்ததும் எல்லாரும் கேட்பது, "என்ன படிக்கப் போற?" டொக்டர், டீச்சர் என்றால் அத்தோடு பேச்சு முடிந்துவிடும். ஊடகக் கற்கை, தகவல் தொழில்நுட்பம் என்று சொன்னால், "அதப் படிச்சா டிவியில வருவியா? வேலை கெடைக்குமா?" என்று தொடரும். கேட்கிறவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுத்துக்கும் எங்கள் ஆட்களுக்கும் உள்ள உறவு தொடக்கத்திலிருந்தே சிக்கலானது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு விரிவுரை மண்டபத்துக்குள் போனால், அங்கே நாம் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டு வாங்கலாம் என்பது கொஞ்சம் தெளிவாகும்.

தோட்டத்துக்கு வந்த முன்னோர்களின் வாழ்க்கையைத் தீர்மானித்த காகிதங்களில் ஒன்றின் பெயர் 'துண்டு'. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆட்கள் போகவேண்டும் என்றால், அவர்களுடைய கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். துரைக்கும் கங்காணிக்கும் நடுவே கைமாறிய சீட்டு அது. அதில் எழுதப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அதை வாசிக்கத் தெரியாது. 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. தன்னைப் பற்றி வேறு யாரோ எழுதிவைத்திருப்பதை, தானே வாசிக்க முடியாத நிலையில்தான் எங்கள் ஊடக வரலாறு தொடங்குகிறது என்று சொல்லலாம்.

அப்போ பள்ளிக்கூடம்? 1920ஆம் ஆண்டு கல்விச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புக் கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. வேலைக்கு ஆள் தேவைப்படுகிறவரிடமே, அந்த ஆளின் பிள்ளையைப் படிக்கவைக்கும் பொறுப்பும் போனது. விளைவை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கொஞ்சம் வாசிப்பு, கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு, பிறகு பேர் பதிந்து மலைக்கு. 1945இல் கன்னங்கரா காலத்து இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியேதான் நின்றன. 1948இல் பிரஜாவுரிமையும் போனது. தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, 1970களில்தான் அந்தப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததை விட ஒரு தலைமுறை பிந்தித்தான் எங்களுக்கு அந்தக் கதவு திறந்தது. இன்றைக்கும் எத்தனையோ லயங்களில் கெம்பஸ் போகிற முதல் ஆள் நம்மில் ஒருவராக இருப்பதற்குக் காரணம் இதுதான். திறமைக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

பள்ளிக்கூடம் இப்படி இருந்த அதே காலத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் (1887–1947) ஒரு விசித்திரமான கலவை. பத்திரிகைக்காரர், வணிகக் கல்வி படித்தவர், ஆயில் எஞ்சின் பற்றித் தமிழில் புத்தகம் எழுதியவர். ஊடகமும் தொழில்நுட்பமும் இரண்டு துறை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போல. அந்நியர் உள்ளே போகமுடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேஷத்தில் போய் நிலைமையைப் பார்த்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1930களில் அட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்கான சங்கத்தை நடத்தினார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார்.

அவருடைய துணைவி மீனாட்சியம்மை செய்தது இன்னும் கூர்மையான வேலை. பத்திரிகை ஆசிரியர் பொறுப்பையும் பார்த்தார், கூட்டங்களில் பாடவும் செய்தார். தொழிலாளரின் நிலைமையைப் பாட்டாக எழுதிச் சிறு பிரசுரமாக அச்சிட்டார். யோசித்துப் பாருங்கள்: வாசிக்கத் தெரியாத வாசகருக்கு எப்படிப் பத்திரிகை போடுவது? ஒருவர் வாங்கினால் பத்துப் பேருக்கு வாசித்துக் காட்டலாம். பாட்டாக இருந்தால் பிரசுரம் தொலைந்தாலும் வரி வாயில் நிற்கும், கொழுந்து எடுக்கும்போதும் பாடலாம். 'பயனர் யார் என்று முதலில் தெரிந்துகொள்' என்று இன்றைக்கு வடிவமைப்பு வகுப்பில் சொல்லித் தருவதை, இவர்கள் அன்றே செய்துகாட்டினார்கள்.

இப்போது வகுப்புக்கு வருவோம். 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு ஆரம்பமானபோது புதுப் பாதை ஒன்று திறந்தது உண்மை. தகவல் தொழில்நுட்பம், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் போன்ற பாடங்களை அதன் மூன்றாவது பாடமாக எடுக்கவும் இடம் கொடுத்தார்கள். ஆனால் ஆய்வுகூடமும் ஆசிரியரும் இருக்கிற பாடசாலை பெரும்பாலும் டவுனில். தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போக பஸ் வேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும்.

கெம்பஸுக்குள் போனபிறகு இரண்டு எதிர்பார்ப்புகள் முட்டிக்கொள்கின்றன. கெமரா பிடிக்கலாம், ஸ்டூடியோவில் இருக்கலாம், செயலி உருவாக்கலாம் என்று நாம் நினைத்துப் போகிறோம். முதல் வருடம் கோட்பாடும் ஆங்கில வாசிப்பும் ஒப்படையுமாகப் போகிறது. மாணவரிடம் மடிக்கணினி இருக்கும், வீட்டில் இணையம் இருக்கும், குழு வேலைக்கு இரவில் ஒன்லைனில் வரமுடியும் என்று பாடநெறி எதிர்பார்க்கிறது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் அன்றைக்கு அம்மா நூறு பேர் போட்டிருந்தாலும் 1,35,000. வீட்டில் யாரும் ஒரு பிடி சோறு சாப்பிடாமல் சேர்த்தாலே அவ்வளவுதான். அதில் ஒரு மடிக்கணினி வாங்கலாம், அவ்வளவே. 2020இல் பாடங்கள் ஒன்லைனுக்குப் போனபோது சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகளை நாடே பார்த்தது. அதைச் சாதனைக் கதையாகப் பகிர்ந்தவர்கள் பலர். சாதனைதான், ஆனால் ஏறவேண்டி வந்ததே ஏன் என்ற கேள்வியும் கூடவே வரணும்.

ஆகவே பீடங்களிடம் கேட்கவேண்டியவை இருக்கின்றன: இரவலுக்குக் கருவி, இரவிலும் திறந்திருக்கும் கணினிக்கூடம், முதல் வருட ஆங்கிலத்துக்கு உண்மையான உதவி. இவற்றைச் சலுகை என்று தலைகுனிந்து கேட்கத் தேவையில்லை. ஒரு தலைமுறை பிந்தித் திறந்த கதவுக்கு நாடு கொடுக்கவேண்டிய பாக்கி அது.

கேட்பதோடு நிற்காமல் நாமே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. இதழியல் வரலாறு பற்றிய ஒப்படை வந்தால் கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை என்று எழுதிவிட்டு வருவது சுலபம். 'தேசபக்தன்' பற்றி எழுதுங்கள். பத்திரிகையாளர் நடேசய்யரைத் தேடிப்பிடித்து நூலாக எழுதியவர் பேராசிரியர் அல்ல, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த சாரல்நாடன். அவருக்கு இல்லாத வசதி நமக்கு உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் மலையக இதழ்களும் நூல்களும் போனிலேயே வாசிக்கக் கிடைக்கின்றன.

இறுதி வருடச் செயற்றிட்டம் என்றால், உங்கள் தோட்டத்தையே எடுக்கலாம். பிரட்டுக்கு ஆள் கூப்பிட்ட தப்பின் ஓசையை, அடித்துக் காட்டத் தெரிந்தவர் இருக்கும்போதே பதிவுசெய்யலாம். ட்ரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய பாஸ்போர்ட், பிரஜாவுரிமைச் சான்றிதழ், செக்ரோல் நகல் எல்லாவற்றையும் படமெடுத்துப் பட்டியலிடலாம். வீட்டாரிடம் கேட்டு, அடையாள எண்களை மறைத்து, ஒரு பிரதியை அவர்களுக்கே கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். துண்டுச் சீட்டு எங்களைக் கேட்காமல் எழுதப்பட்டது. நாம் எழுதுவதும் அப்படி ஆகிவிடக் கூடாது.

வேலை கிடைக்குமா என்று கேட்ட அந்த லயத்து அக்காவுக்கு உத்தரவாதம் எதுவும் நம்மால் கொடுக்க முடியாது. ஆனால் நம்மைப் பற்றிய காகிதத்தை நாமே வாசிக்கவும், பிழை இருந்தால் நாமே திருத்தி எழுதவும் இந்தப் படிப்பு உதவும் என்று தைரியமாகச் சொல்லலாம். அடுத்த ஒப்படையை அந்த அக்காவுக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு விளங்கினால் அது நல்ல ஒப்படை.