ஆயாவின் கடுதாசியும் ஆறு சம்பளச் சீட்டும்

கடலூர் ஓ.டி.யில் எங்கள் பழைய வீட்டை இடித்தபோது ஆயாவின் தகரப் பெட்டி என்னிடம் வந்தது. உள்ளே ஒரு கண்டாங்கிச் சேலை, மணியார்டர் ரசீதுகள், நீல நிற வான் அஞ்சல் கடுதாசிகள். பெரும்பாலும் பினாங்கிலிருந்து தாத்தா எழுதியவை. பணம் அனுப்பினேன், மாடு கன்னு போட்டதா, அம்மாவுக்கு இருமல் தேவலையா, அவ்வளவுதான். 1960 ஆடி மாதத்துக் கடுதாசி ஒன்று மட்டும் வேறு மாதிரி. 'வீடு பார்த்துவிட்டேன். உன்னையும் பையனையும் அழைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். சட்டம் மாறிவிட்டதாம். இனி ஆகாது என்கிறார்கள்.'

என்ன சட்டம் என்று ஆயாவுக்குக் கடைசிவரை தெரியாது. 'ஏதோ சட்டம்டா, அங்க உள்ள வெள்ளக்காரன் போட்டது' என்பாள். வெள்ளைக்காரன் போட்டதில்லை. 1957இல் மலாயா விடுதலையாகிவிட்டது. அந்தத் திருத்தம் வந்தது 1959இல்.

தாத்தா ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதப் போனவர். 1953இல் கல்யாணம், 1954 தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். அப்பா பிறந்தது அதற்குப் பிறகு. ஏற்கனவே 1953 ஆகஸ்டில் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவன் ஒப்பந்தமும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பளமும் காட்டவேண்டும். கூலிக்கும் கடைப்பையனுக்கும் அதோடு கதவு சாத்தப்பட்டது. தாத்தா முன்பே அங்கே இருந்தவர், விடுப்பில் வந்து கல்யாணம் செய்துகொண்டு போனதால் தப்பினார். ஏற்கனவே அங்கே வாழ்கிறவர்களின் மனைவி மக்களுக்குக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. 1959இல் அதையும் ஒடுக்கினார்கள். 1954 டிசம்பருக்குப் பிறகு தொடர்ந்து ஐந்து வருடம் கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவிக்கு அனுமதி இல்லை. ஆறு வயதைத் தொட்ட பிள்ளைக்கும் இல்லை.

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். 1954 டிசம்பர், 1959 டிசம்பர். தாத்தா வாடகை வீடு பிடிக்கும் அளவுக்குக் காசு சேர்த்தது 1960இல். அப்பாவுக்கு அப்போதுதான் ஆறு முடிந்திருந்தது. பணம் இல்லாததால் பிரிந்திருந்தார்கள், பிரிந்திருந்ததால் சேர முடியாது என்றது சட்டம். இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சோறு இறங்கவில்லை.

இலங்கையில் இதே கணக்கு இன்னும் வெளிப்படையாக எழுதப்பட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் (குடியுரிமை) சட்டத்தில், குடியுரிமை கேட்கிற ஆண் தன்னையும் தன்னை நம்பியிருப்பவர்களையும் காப்பாற்றப் போதுமான நிச்சய வருமானமோ தொழிலோ காட்டவேண்டும். கல்யாணமானவன் என்றால் ஏழு வருடம் இடைவிடாமல் அங்கே வாழ்ந்திருக்கவேண்டும். போதாதென்று, அவன் மனைவியும் இலங்கையிலேயே இடைவிடாமல் இருந்திருக்கவேண்டும். பிரசவத்துக்குத் தாய்வீடு போய்வருவது நம்மூர் வழக்கம். அந்த வழக்கமே விண்ணப்பத்தில் சந்தேகமாக மாறியது. எட்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பம் போனது, குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மலையகத்தின் நீண்ட துயரத்தை இரண்டு வரியில் தாண்டிப்போகக் கூடாதுதான், ஆனால் இங்கே எனக்கு வேண்டியது அந்த ஒரு நிபந்தனை: அவன் சம்பாதித்தால் மட்டும் போதாது, அவள் எங்கே இருந்தாள் என்பதற்கும் அவன் கணக்குச் சொல்லவேண்டும்.

இவ்வளவையும் நான் தோண்டியதற்குக் காரணம் சிதம்பரத்தில் இருக்கும் என் சித்தப்பா மகள்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. முடித்தவள். 2023 ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை லெஸ்டரில் நிரந்தரக் குடியுரிமம் பெற்றவர், ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை, வருடம் 22,000 பவுண்டு. அப்போது பிரிட்டனில் மனைவியை அழைக்கத் தேவையான வருமானம் 18,600 பவுண்டு. 2012 ஜூலையில் தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த வரம்பு அது. 'நம்மகிட்ட அதுக்கு மேலயே இருக்கு' என்று சித்தப்பா நிம்மதியாக இருந்தார்.

2023 டிசம்பரில் ஜேம்ஸ் கிளெவர்லி வரம்பை உயர்த்தப்போவதாக அறிவித்தார். முதலில் சொன்ன தொகை 38,700. எதிர்ப்பு கிளம்பியதும் படிப்படியாக என்று மாற்றி, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 ஆக்கினார்கள். அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய தொகையே. ஆக, எங்களுக்கு நாலு மாதம் இருந்தது. ஆனால் திருமணச் சான்றிதழில் மாப்பிள்ளையின் அப்பா பெயரில் ஒரு எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துவரவில்லை. திருத்திக் கையில் வாங்கியபோது ஏப்ரல் மூன்றாம் வாரம்.

வருமானம் குறைந்தால் சேமிப்பைக் காட்டலாம். அதற்கும் சூத்திரம் உண்டு. குறைகிற தொகையை இரண்டரையால் பெருக்கி, 16,000ஐக் கூட்டவேண்டும். எங்களுக்குக் குறைவது 7,000. அப்படியானால் 33,500 பவுண்டு, அன்றைய மதிப்பில் சுமார் 35 லட்சம் ரூபாய், ஆறு மாதம் கணக்கில் அசையாமல் கிடக்கவேண்டும். சித்தப்பா காட்டுமன்னார்கோயில் பக்கம் இருக்கிற நிலத்தை விற்கலாமா என்று கேட்டார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. 'நான் அங்க போயி சம்பாதிக்க மாட்டனா? அதை ஏண்ணா எழுத மாட்றாங்க?' என்றாள். நியாயமான கேள்வி. வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் மனைவியின் சம்பளமும், போனபின் அவள் சம்பாதிக்கக்கூடியதும் அந்தக் கணக்கில் வராது. அழைக்கிறவர் சம்பளம்தான் சம்பளம்.

அரசாங்கக் கருவூலத்துக்குச் சுமையாகக் கூடாது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். பழைய காரணம்தான். 1882ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்திலேயே 'பொதுச் சுமை' ஆகக்கூடியவரை இறங்கவிடாதே என்று இருக்கிறது. அமெரிக்கா இன்றைக்கும் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம் காட்டச் சொல்கிறது. ஆனால் அங்கே கணவன் வருமானம் போதாவிட்டால் இன்னொருவர் சேர்ந்து பொறுப்பேற்கலாம். பிரிட்டனில் மாமனோ பெரியப்பாவோ கையெழுத்துப் போட்டால் வழக்கமாகச் செல்லாது. இத்தனைக்கும் இந்த விசாவில் போகிறவருக்கு அரசு உதவித்தொகை எதையும் தொட உரிமை இல்லை. மருத்துவத்துக்கென்று வருடம் 1,035 பவுண்டு தனியாக முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். பிறகு எந்தச் சுமை? எனக்கு விளங்கவில்லை. 2017 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இந்த வரம்பை விசாரித்தது. பல குடும்பங்களுக்கு இது கஷ்டம் என்று ஒப்புக்கொண்டது, பிள்ளைகளின் நலனை விதிகள் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்றும் சொன்னது. ஆனாலும் வரம்பு சட்டப்படி செல்லும் என்றுவிட்டது.

(எங்கள் ஊர்க்காரனுக்கு இதில் ஒரு குறும்பான வரலாற்று நினைவு வரும். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போகிறதோ அதுவரைக்கும் நிலம் அவர்களுடையது. அவர்களிடம் யாரும் ஆறு மாதச் சம்பளச் சீட்டு கேட்கவில்லை.)

தாத்தா 1961இல் வந்தார், 1966இல் வந்தார். முதல் வருகைக்குப் பின் அத்தை பிறந்தாள். 1968இல் மலேசியாவில் குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கான சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் கப்பல் ஏறினார்கள். 1970இல் தாத்தாவும் அதே ரஜூலாவில் நாகப்பட்டினம் இறங்கினார். பதினேழு வருடத் தாம்பத்தியத்தில் ஒரே வீட்டில் இருந்தது, கடுதாசித் தேதிகளை வைத்து நான் கூட்டிப் பார்த்த வரை, பதினான்கு மாதம். 'வந்தப்ப வேத்தாளு மாரி இருந்தாரு. காப்பிக்குச் சக்கர எவ்வளவுன்னே தெரியல எனக்கு' என்று ஆயா ஒருமுறை சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள்.

லெஸ்டர் மாப்பிள்ளை இப்போது சனி ஞாயிறில் ஒரு கிடங்கிலும் வேலை செய்கிறார். இரண்டு சம்பளத்தையும் சேர்த்துக் காட்டலாம், இரண்டிலும் ஆறு மாதம் ஆகியிருக்கவேண்டும். சம்பளச் சீட்டில் உள்ள தொகை வங்கிக் கணக்கில் அதே மாதிரி விழுந்திருக்கவேண்டும். தங்கச்சி ஒரு நோட்டில் மாதவாரியாக எழுதிக்கொண்டு வருகிறாள். போன வாரம் சிதம்பரம் போயிருந்தபோது நோட்டைக் காட்டினாள். ஐந்து வரி இருந்தது. மூன்றாவது மாதத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்து இரண்டு சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை, அந்த வரியை மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள்.

'இதுல எவ்ளோ கொறையுதுன்னு கூட்டிப் பாருண்ணா' என்று கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினாள்.