கடல் கடந்து கட்டிய வீடுகள்: கடுதாசி முதல் செயலி வரை



பதிவு கொஞ்சம் நீளம். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர்களும், அவர்களுக்காக வெயிலில் நின்று வேலை பார்க்கிற அப்பா, மாமா, மச்சான்மார்களும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

சிங்கப்பூரிலும் சார்ஜாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிற என் பழைய மாணவர்கள் சிலர் ஊரில் வீட்டு வேலை தொடங்கியிருக்கிறார்கள். எல்லோர் போனிலும் ஒரு கட்டுமானச் செயலி. இன்று எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், சிமெண்ட் எத்தனை மூட்டை இறங்கியது, எம்-சாண்ட் எத்தனை யூனிட், எல்லாம் சாயங்காலத்துக்குள் படத்தோடு வந்துவிடுகிறது. "வீடே உள்ளங்கையில இருக்கு சார், இனிமே ஊர்ல ஆள் எதுக்கு?" என்று ஒரு மாணவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இதற்கு வரலாறு பதில் வைத்திருக்கிறது. தூரத்தில் இருந்து வீடு கட்டுவது நம் ஜனங்களுக்குப் புதிது கிடையாது. 150 வருடப் பழக்கம்.

செட்டிநாட்டிலிருந்து தொடங்குவோம்.

1852-ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிந்தது. ஐராவதி டெல்டாவில் காடு திருத்தி நெல் விதைத்த விவசாயிக்குக் கடன் கொடுத்து வளர்ந்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். பர்மா, இலங்கை, மலேயா என்று அவர்கள் தொழில் பரவியது. அங்கே சம்பாதித்த பணம் காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் வீடாக எழுந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதி முதல் 1940-கள் வரை கட்டிய வீடுகள் அவை. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடித் தரைக்கல், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பீர்கள். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் செட்டிநாட்டுக் கிராமங்கள் இடம்பெற்றன.

வீட்டின் அழகைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. நான் கவனிக்கச் சொல்வது வேறு. பணம் சம்பாதித்தவர் ரங்கூனிலோ பினாங்கிலோ இருந்தார். ஏஜெண்டாகப் போகிறவருக்குப் பொதுவாக 3 வருடம் ஒரு கணக்கு. கணக்கு முடிந்துதான் ஊர் திரும்புவது. 1870-71-லேயே சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி போட்டாகிவிட்டது. ஆனால் தந்திக்கு வார்த்தைக்கு வார்த்தை காசு. சுவர் எவ்வளவு எழும்பியது என்று தந்தியில் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? கப்பலில் போகிற கடுதாசிதான் கதி.

அப்படியும் வேலை நடந்தது என்றால், அதற்கு இரண்டு காரணம். ஒன்று, ஊரில் பொறுப்பான ஆள் இருந்தார். ஆண்கள் கடல் கடந்திருந்த காலத்தில் குடும்ப நிர்வாகத்தைத் தாங்கியவர்கள் ஆச்சிமார்கள். காசு விஷயத்தில் அவர்களின் கறார் ஊரறிந்தது. இரண்டு, கணக்கு. பேரேடு, ஐந்தொகை என்று நகரத்தார் வைத்திருந்த கணக்கு முறை நாணயத்துக்குப் பேர் போனது. கடல் கடந்த கடையிலிருந்து முதலாளிக்குக் கணக்கு ஒழுங்காக வந்து சேரும். அடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்கிற நினைப்போடு எழுதிய கணக்கு அது.

அதே காலத்தில் ஆங்கிலேய அரசும் இதே சிக்கலை எதிர்கொண்டது. எங்கோ காட்டில் கட்டுகிற பாலத்துக்குத் தலைநகரில் இருந்து பணம் கொடுக்க வேண்டும். 1854-ல் டல்ஹவுசி காலத்தில் பொதுப்பணித் துறை தனித் துறையாக ஒழுங்கு பெற்றது. அந்தத் துறையில் பிறகு வேரூன்றிய ஒரு கருவி, இன்றைக்கும் ஒப்பந்ததாரர்கள் 'எம்-புக்' என்று சொல்லும் அளவுப் புத்தகம். நீளம், அகலம், உயரம் அளந்து, தேதி போட்டு, கையெழுத்து வைத்தால்தான் பில். மண்ணுக்குள்ளோ காங்கிரீட்டுக்குள்ளோ மறையப்போகிற வேலையை மூடுவதற்கு முன்பே அளந்து எழுதிவிட வேண்டும். அளந்ததை மேலதிகாரி வந்து மறுபடி அளந்து சரிபார்க்க வேண்டும். தூரத்தில் இருந்து கட்டுவதற்கான முழுப் பாடமும் இந்த மூன்று விதியில் அடங்கிவிட்டது. பின்னால் சொல்கிறேன்.

இனி வளைகுடாக் காலம். 1973-ல் எண்ணெய் விலை ஏறிய பிறகு பாலைவனத்தில் நகரங்கள் எழுந்தன. கீழக்கரையிலிருந்து, தஞ்சை, நாகைப் பக்கமிருந்து, கன்னியாகுமரியிலிருந்து நம் பிள்ளைகள் கொத்து வேலைக்கும் கம்பி கட்டவும் கடைகளில் நிற்கவும் போனார்கள். அங்கே அடுத்தவருக்குக் கட்டிடம் கட்டிச் சம்பாதித்து, இங்கே தனக்கு ஒரு வீடு கட்டினார்கள். ஆனால் தன் வீட்டின் ஒரு செங்கல்லைக்கூட அவர்கள் தொட்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் காலக் கடிதங்களை நினைவிருக்கிறவர்கள் சொல்லுங்கள். "லிண்டல் மட்டம் வந்துவிட்டது, தளத்துக்குப் பணம் அனுப்பவும்" என்று இங்கிருந்து எழுதுவார்கள். அது போய்ச் சேர்ந்து, பதிலும் டிராஃப்டும் வந்து சேர்வதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். அதற்குள் வேலை நின்றிருக்கும், அல்லது மேஸ்திரி தன் இஷ்டத்துக்கு முடிவெடுத்திருப்பார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். 1980-களின் பிற்பகுதியில் மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. சிவப்பு எண்கள் மீட்டரில் ஓட ஓட, கண்ணை அதில் வைத்துக்கொண்டே பேசினோம். உடம்பு எப்படி, பணம் வந்ததா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா. வீட்டைப் பற்றி ஒரே வாக்கியம்: "நல்லா போயிட்டிருக்கு." அந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஒரு மனிதனின் பத்து வருட உழைப்பு நின்றது.

பிறகு எல்லாம் வேகம். 1995-ல் நம் நாட்டில் செல்போனும் பொது இணையமும் வந்தன. 2009-ல் வாட்ஸ்அப். 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்ததும், சித்தாள் கையிலும் கேமரா போன். குடும்பத்துக்கு ஒரு குரூப், வீட்டுக்கு ஒரு குரூப். அதன் அடுத்த படிதான் இந்தச் செயலிகள்: நாள்வாரிப் படம், ஆள் வருகை, பொருள் வரவு, ரசீது, எந்த நிலைக்கு எவ்வளவு பணம் என்கிற அட்டவணை.

அரசே இதைச் செய்கிறது. 2016-ல் தொடங்கிய பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில், கட்டுமானத்தின் ஒவ்வொரு நிலையிலும் இடக்குறியும் தேதியும் பதிந்த படம் ஏற்றப்படுகிறது. தவணைப் பணம் அதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கூர்ந்து பாருங்கள், அது பழைய எம்-புக்தான். காகிதம் போய்க் கண்ணாடித் திரை வந்திருக்கிறது.

சரி, அப்படியானால் ஊரில் ஆள் எதற்கு?

படம் மேற்பரப்பைத்தான் காட்டும். ஒரு கணக்குப் போடுவோம். 1,000 சதுர அடித் தளம், 5 அங்குல கனம். சுமார் 417 கன அடி, அதாவது 12 கன மீட்டருக்குச் சற்றே குறைவு. 1:1½:3 கலவைக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமெண்ட். ஆக, விட்டங்களை விட்டுவிட்டே 95 மூட்டை அளவுக்கு ஆகியிருக்க வேண்டும். செயலியில் 65 மூட்டைதான் பதிவாகியிருந்தால்? தளத்தின் படம் பளபளவென்று அழகாகத்தான் இருக்கும். குறையைப் படம் சொல்லாது, கணக்கு சொல்லும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிற ஆள் வேண்டும்.

தண்ணீர் விடுவதும் அப்படித்தான். காங்கிரீட்டைச் சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், பி.பி.சி. போன்ற கலப்பு சிமெண்ட் என்றால் 10 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 456 விதி. படம் எடுக்கிற நேரத்தில் மட்டும் ஈரமாக இருந்தால் போதாதே. மத்தியானம் இரண்டு மணிக்குத் தளத்தில் கை வைத்துப் பார்க்கிறவர் யார்? நம் ஊரில் சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை முடியும்போது சிங்கப்பூரில் இரவு எட்டு. அமெரிக்காவில் பொழுது விடிந்து கொண்டிருக்கும். நீங்கள் படத்தைத் திறக்கும்போது ஆட்கள் கை கழுவிவிட்டுக் கிளம்பியிருப்பார்கள்.

எனவே எம்-புக் விதிகளைச் செயலிக்குப் பொருத்திச் சொல்கிறேன்.

முதலாவது, மூடப்போவதை மூடுவதற்கு முன் பார்க்க வேண்டும். அஸ்திவாரக் குழியின் ஆழம், கம்பியின் இடைவெளி, கவர் பிளாக், சுவருக்குள் போகும் குழாய். படத்தில் அளவு டேப் தெரிய வேண்டும். டேப் இல்லாத படம் வெறும் போட்டோ.

இரண்டாவது, அளக்கிறவரும் கட்டுகிறவரும் ஒருவராக இருக்கக் கூடாது. ஒப்பந்ததாரரின் ஆளே படம் ஏற்றினால் அது அவர் வாக்குமூலம். நீங்கள் சம்பளம் கொடுக்கும் ஒரு பொறியாளர் முக்கியமான நாட்களில் வந்து பார்க்கட்டும். காங்கிரீட் போடும் அன்றே கட்டி எடுத்து 28-ஆம் நாள் சோதித்தால் வாதமே வராது.

மூன்றாவது, பணம் வேலைக்குப் பின்னால் நடக்க வேண்டும், முன்னால் ஓடக் கூடாது. இதற்கு வரலாற்றில் பெரிய சாட்சி இருக்கிறது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மாச் சொத்து போனது. வரவு நின்றது, வீடுகள் மட்டும் நின்றன. பராமரிக்க முடியாமல் பெயர்த்த தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் வந்து சேர்ந்தன. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் உடுத்திய துணியோடு அம்மான் வழியாக விமானம் ஏறினார்கள். 2020-ல் கொரோனா. கடல் கடந்த வருமானம் ஒரே நாளில் நிற்கக்கூடியது. முடிந்த வேலைக்கு மட்டும் பணம் கொடுத்திருந்தால், அடித்தள மட்டத்திலோ லிண்டல் மட்டத்திலோ வேலையை நிறுத்தி வைத்து மறுபடி தொடரலாம். முன்பணமாகக் கொடுத்திருந்தால் பணமும் இல்லை, சுவரும் இல்லை.

பவர் பத்திரம் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டில் எழுதுவதை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். வரைபட அனுமதிக்கும் கட்டுமானத்துக்கும் மட்டும் அதிகாரம் கொடுங்கள். விற்கிற அதிகாரம் வீடு கட்டத் தேவையில்லை. இன்னொன்று, வீடு கட்டித் தருவது நுகர்வோர் சட்டப்படி ஒரு சேவை. 1993 திருத்தத்திலேயே இது சேர்க்கப்பட்டுவிட்டது. தகராறு என்று வந்தால் தேதியோடு கூடிய படமும் ரசீதும்தான் உங்கள் பக்கம் பேசும்.

கடைசியாக, எனக்கு முக்கியமாகப் படுவது. கணக்கு என்றதும் திருடனைப் பிடிக்க என்று நினைக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் மகனுக்காக இரண்டு வருடம் வீடு கட்டிக் கொடுத்தார். காலையில் தண்ணீர் விட்டது அவர், மணல் லாரிக்கு ராத்திரி கண் விழித்தது அவர். ரசீதெல்லாம் ஒரு மஞ்சப் பையில். கிரகப்பிரவேசத்துக்கு வந்த மகன் 4 லட்ச ரூபாய்க்கு விவரம் கேட்டார். பையில் பாதி ரசீது எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகியிருந்தது. ஒரு பைசா எடுத்திராத மனிதர் அன்று தலை குனிந்து நின்றார். அதன் பிறகு அந்த வீட்டில் அவர் தங்கவில்லை.

நல்ல கணக்கு முதலில் காப்பாற்றுவது நாணயமானவரைத்தான். செட்டிநாட்டுப் பேரேடும் அதற்குத்தான், எம்-புக்கில் போட்ட கையெழுத்தும் அதற்குத்தான். செயலியின் பெரிய லாபமும் அதுவே. அப்பாவை வேவு பார்க்க அதை வைக்காதீர்கள். அப்பா பேரில் யாரும் ஒரு சொல் சொல்லாதபடி காக்க வையுங்கள். ரசீது வந்த அன்றே படம் எடுத்து ஏற்ற அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். பொறியாளருக்குச் சம்பளம் போடுகிறீர்கள், செயலிக்குச் சந்தா கட்டுகிறீர்கள். வெயிலில் நிற்கிறவருக்கு நன்றியாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் குடும்பத்தில் பர்மா, மலேயா, துபாய்ப் பணத்தில் எழுந்த வீடு இருக்கிறதா? ஊரில் நின்று கட்டிக் கொடுத்தவர் யார் என்று கீழே எழுதுங்கள். நிலைப்படியில் சம்பாதித்தவர் பெயர் இருக்கும். நின்று கட்டியவர் பெயரை நாமாவது பதிந்து வைப்போம்.