எழுதாச் சாலைச் சட்டம்

இருப்புப்பாதையில் எழுத்துக்கு அப்பாற்பட்ட விதி அரிது. கொடி காட்டும் முறை முதல் விளக்கின் நிறம் வரை அனைத்தும் அச்சிட்ட நூலில் உண்டு. மீறியவர் காரணம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அத்தகைய தாள்களிடையே நாள்தோறும் உழலும் எளியேனுக்கு, நிலையத்து வாயிலைத் தாண்டியதும் தொடங்கும் சாலை வியப்பாகவே தோன்றுகிறது. இடப்புறம் செல்க என்பது அங்கே சட்டம். ஆயின் இருவர் எதிர்ப்படும்போது முதலில் செல்பவர் யார், ஒதுங்குபவர் யார் என்பதைப் பெரும்பாலும் வழக்கமே தீர்க்கின்றது.

இடப்புற விதி ஆங்கிலேயர் கொணர்ந்தது. இலண்டன் பாலத்திற்கென 1756இல் இயற்றப்பட்ட அவ்விதி, 1835இல் அந்நாட்டு நெடுஞ்சாலைகளுக்கு உரியதாயிற்று. சட்டத்தை ஒரே நாளில் மாற்றிவிடலாம். பர்மா 1970இல் வலப்புறத்துக்கு மாறியது அவ்வாறே. வழக்கம் அப்படி மாறுவதன்று.

நம் தங்கவயல் வட்டாரத்தின் வழக்கத்தை ஆராயப் புகுவோர் மாட்டு வண்டியிலிருந்தே தொடங்க வேண்டும். பூதிகோட்டை ஐதர் அலி பிறந்த ஊர் என்பதை நம் பிள்ளைகளும் அறிவர். அவர்தம் படையின் பீரங்கிகளை இழுத்தவை மைசூர் நாட்டு எருதுகள். அந்த அரசு மந்தைக்கு அமிர்த மகால் எனப் பெயரிட்டவர் அவர் மைந்தர் திப்பு. போர்கள் ஓய்ந்த பின்னும் எருதுக்கு ஓய்வில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலில் இறங்கினர். பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்திற்கு இருப்புப்பாதை வந்ததோ 1894இல். இடைப்பட்ட ஆண்டுகளில் சுரங்கத்துப் பொருள்கள் வண்டிப் பாதையில்தான் வந்தன.

பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் நின்றுவிட்டால் மாடுகள் அதனை மீண்டும் கிளப்புவது அரிது. வண்டி பின்னோக்கி உருளும். சக்கரத்திற்குக் கல் முட்டுக் கொடுக்க ஆள் வேண்டும். ஆகவே இறக்கத்தில் வருபவன் ஓரமாய் நின்று, ஏறி வருபவனுக்கு வழி விடுவது வண்டிக்காரர் முறை. இதனைப் பள்ளியில் எவரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. மாட்டின் மூச்சிரைப்பே கற்பித்தது. நம் நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சாலை ஒழுங்கு விதிகளும் இதையே கூறின: குறுகிய மலைச்சாலையிலும் செங்குத்தான சாலையிலும் இறங்கி வருவோர் நின்று வழிவிடுதல் வேண்டும். எழுத்தறியாதார் வழக்கம் ஏட்டில் ஏறிய இடம் இது.

ஏட்டில் ஏறாதவையும் உண்டு. சுரங்கத்துச் சங்கு ஊதி ஷிப்டு மாறும் வேளையில் சாலை முழுதும் மனிதத் தலைகளாய் இருந்த காலத்தில், வண்டியோட்டி காத்திருப்பதன்றி வேறென்ன செய்ய இயலும்? பாடை வரும்போது ஹாரன் அடியாமல் ஒதுங்கி நிற்பதும் அத்தகையதே. பாறை வெடிப்புக்கும் பிற விபத்துக்கும் எத்தனையோ பேரைப் பறிகொடுத்த ஊருக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

லாரி வந்தபின் வழக்கம் வேறு மொழி பேசலாயிற்று. ஹாரன் அடிப்பது நம்மிடையே சினத்தின் ஒலியன்று. பின்னால் வருகிறேன் எனும் அறிவிப்பு. அதனை வேண்டி வண்டியின் முதுகிலேயே எழுதியும் வைத்தனர். 'ஹாரன் ஓகே ப்ளீஸ்' என எழுதுவதை மராட்டிய அரசு 2015இல் தடை செய்தது. எழுத்தை அழித்தனர், ஓசை குறைந்ததாகத் தெரியவில்லை.

வழக்கம் எல்லா இடத்தும் காவலாகாது என்பதையும் கூறவேண்டும். காவலற்ற இருப்புப்பாதைக் கடவை வந்தால் வண்டியை நிறுத்தி, உடனிருப்பவர் இறங்கி நடந்து, இருபுறமும் பார்த்து வண்டியை அழைத்துச் செல்ல வேண்டும். ஆளில்லையேல் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆம் பிரிவு இவ்வாறு விதிக்கிறது. இறங்கிப் பார்த்தவர் எத்துணைப் பேர்? ஓசை கேட்டால் நிற்பது, இல்லையேல் கடப்பது என்பதே நாட்டு வழக்கமாயிருந்தது. அதற்கு ஈடாக உயிர்கள் போயின. இறுதியில் 2019 சனவரிக்குள் அகலப் பாதையில் அத்தகைய கடவைகள் அனைத்தையும் நீக்கினர். எம் துறை செய்த நற்செயல்களுள் இதனை நான் முன்வைப்பேன்.

2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் நம் இளைஞர் பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலேறுகின்றனர். சிலர் அங்கே வண்டி ஓட்டிப் பிழைக்கின்றனர். சிலர் கடல் கடந்தும் செல்கின்றனர். ஒரே குறிப்புக்கு ஊர்தோறும் பொருள் வேறுபடுவதை அவர்கள் அறிதல் நன்று. எதிரே வரும் வண்டி முன்விளக்கை மின்னவிட்டால், நம் நாட்டில் அதன் பொருள் 'நான் வருகிறேன், நீ நில்' என்பது. இங்கிலாந்திலோ 'நீர் முதலில் செல்லலாம்' என விட்டுக்கொடுக்கும் குறிப்பாகக் கொள்வோர் பலர். அந்நாட்டு விதிநூல் இரண்டையும் ஏற்பதில்லை. 'நான் இங்கிருக்கிறேன்' என உணர்த்த மட்டுமே விளக்கை மின்னவிடுக என்கிறது. அங்கே சில ஆண்டுகள் வண்டி ஓட்டிய மகன் விடுமுறைக்கு வந்து, தந்தையின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பங்காருப்பேட்டைச் சாலையில் புறப்படுகிறான் என்று கொள்வோம். எதிரே ஒரு லாரி விளக்கை மின்னவிடுகிறது. தனக்கு வழி கிடைத்ததாக எண்ணி அவன் வலப்புறம் திரும்புவான். லாரிக்காரரோ அவன் நிற்பான் என எண்ணி வேகம் குறையாமல் வருவார்.