வெல்லம் கரைத்த குளம்

எனக்கு எட்டு வயதில் வலது புறங்கையில் மருக்கள் கிளம்பின. சுண்ணாம்பு தடவிப் பார்த்தார்கள். தோல் வெந்ததுதான் மிச்சம். "வைத்தீசுவரன்கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டேன், கிளம்பு" என்று அப்பாயி மாயவரத்தில் பஸ் ஏற்றினார்.

சித்தாமிர்தக் குளத்துப் படியில் உட்காரவைத்து, ஓர் அச்சுவெல்லத்தை என் கையில் வைத்துத் தண்ணீருக்குள் அமுக்கினார். முதலில் வெல்லத்தின் ஓரங்கள் மழுங்கின. பிறகு விரலிடுக்கெல்லாம் பிசுபிசுப்பு. குட்டி மீன்கள் வந்து உள்ளங்கையைக் கொத்தின. "இது கரையறாப்புல மருவும் கரையணும்னு தையல்நாயகி அம்மன்கிட்ட சொல்லிக்கோ." சொன்னேன். உப்பும் மிளகும் காணிக்கை போட்டுவிட்டுத் திரும்பினோம். ஆறு மாதத்தில் கை சுத்தமானது. குழந்தைகளின் மரு பல நேரம் தானாகவே உதிரும் என்று இன்று எனக்குத் தெரியும். அந்தப் படியில் பயம் போனதும் எனக்குத் தெரியும்.

சம்பந்தரும் அப்பரும் ஏழாம் நூற்றாண்டிலேயே பாடிய ஊர் இது. அவர்கள் வாக்கில் புள்ளிருக்குவேளூர். புள் சடாயு, இருக்கு வேதம், வேள் முருகன், ஊர் சூரியன். நால்வரும் வழிபட்ட தலம் என்பார்கள். செவ்வாய்க்கு வந்த குட்டநோய் இங்கேதான் தீர்ந்ததாம். சடாயு குண்டத்துச் சாம்பலையும் மண்ணையும் இந்தக் குளத்து நீர் விட்டுப் பிசைந்து உருட்டுவதே, மருந்தாகத் தரும் திருச்சாந்துருண்டை. குளம்தான் இங்கே மருந்துக்கடை.

இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் ரோமானியர் கட்டிய வெந்நீர்க் குளம் இன்றும் நிற்கிறது. ஊற்று நீரின் சூடு 46 டிகிரி. அங்கும் குட்டநோய்க் கதைதான்: பிளாடட் என்ற இளவரசன், சேற்றில் புரண்ட பன்றிகளுக்குப் புண் ஆறியதைக் கண்டு தானும் இறங்கிக் குணமானானாம். சுலிஸ் மினர்வா தேவிக்கு அங்கே ஈயத்தகட்டில் எழுதிப் போட்டார்கள். சுமார் 130 தகடுகள் கிடைத்திருக்கின்றன. குளிக்கும்போது துணியைத் திருடியவனைத் தண்டிக்கச் சொல்லும் சாபங்கள் அவற்றில் நிறைய. நம் சனம் வெல்லத்தைக் கொண்டுவந்தது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

ஆனால் 1978-இல் பாத் குளத்தில் நீந்திய ஒரு சிறுமி, நீரிலிருந்த அமீபா தொற்றி இறந்துபோனாள். இப்போது ரோமானியக் குளத்தில் யாரையும் இறங்க விடுவதில்லை.

நம் குளத்து நீரையாவது காப்போம். வைத்தீசுவரன்கோயிலுக்குப் போகிறவர்களே, வெல்லம் கட்டிவந்த பிளாஸ்டிக் பையைப் படியில் விடாதீர்கள். மடித்து மடியில் செருகிக்கொண்டு வந்துவிடுங்கள்.