களங்க இழப்பீடு

களங்க இழப்பீடு என்பது, நேர்மையற்ற முறையில் நடத்தப்பட்ட நிறுவனம் ஒன்றில் பணியாற்றியதால் வேறு வேலை கிடைக்காமல் போகும் குற்றமற்ற ஊழியர், அந்நிறுவனத்திடம் கோரும் இழப்பீடு ஆகும். இங்கிலாந்துச் சட்டத்தில் இக்கோரிக்கைக்கு இடமுண்டு என 1997 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது.

பின்னணி

பேங்க் ஆஃப் கிரெடிட் அண்ட் காமர்ஸ் இன்டர்நேசனல் என்னும் வங்கியை 1972 இல் பாக்கித்தானிய வங்கியாளர் ஆகா அசன் அபேதி தொடங்கினார். (பிசிசிஐ எனச் சுருக்கப்பட்ட இவ்வங்கிக்கும் இந்தியத் துடுப்பாட்ட வாரியத்துக்கும் தொடர்பில்லை.) பெரும் மோசடிகள் வெளிப்பட்டதை அடுத்து, 1991 சூலை 5 அன்று பல நாடுகளின் வங்கிக் கண்காணிப்பு அமைப்புகள் இதனை மூடின. மோசடியில் பங்கு கொள்ளாத ஊழியர்களும் வேலை இழந்தனர்.

பணிப் பின்னணிச் சரிபார்ப்பு

புதிதாக வேலை அளிப்பவர், விண்ணப்பதாரர் முன்பு பணியாற்றிய காலம், வகித்த பதவி, விலகிய காரணம் ஆகியவற்றைப் பொதுவாகச் சரிபார்ப்பர். இவை யாவும் உண்மையாக இருப்பினும், பழைய நிறுவனத்தின் பெயரே ஐயத்தை எழுப்பக்கூடும். நம்பகத்தன்மையை முதன்மையாகக் கருதும் வங்கித்துறையில் இதன் தாக்கம் மிகுதி.

முன்னாள் ஊழியரைப் பற்றிச் சான்றுக் கடிதம் தருபவர் உரிய கவனத்துடன் எழுத வேண்டும் என்று ஸ்பிரிங் எதிர் கார்டியன் அசூரன்ஸ் வழக்கில் (1994) தீர்ப்பளிக்கப்பட்டது. தவறான கடிதத்தை எதிர்த்து வழக்குத் தொடரலாம். ஆனால் நிறுவனத்தின் கெட்ட பெயர் எக்கடிதத்திலும் எழுதப்படுவதில்லை.

மாலிக் வழக்கு

பிசிசிஐ வங்கியின் முன்னாள் ஊழியர் இருவர் இழப்பீடு கோரினர். கீழ் நீதிமன்றங்கள் அதனை ஏற்கவில்லை. பணிநீக்கம் செய்யப்பட்ட விதம் புதிய வேலை தேடுவதைக் கடினமாக்கினாலும் அதற்கு இழப்பீடு இல்லை என்னும் 1909 ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று தடையாக இருந்தது.

அப்போது நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக விளங்கிய பிரபுக்கள் அவை, 1997 இல் ஊழியர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதன் முதன்மைக் கூறுகள்:

* தக்க காரணமின்றி ஊழியருடனான பரசுபர நம்பிக்கையைக் குலைக்கும் வகையில் வேலை அளிப்பவர் நடத்தல் ஆகாது. வெளிப்படையாக எழுதப்படாவிடினும் இக்கடமை பணி ஒப்பந்தத்தில் அடங்கியுள்ளது.
* முறைகேடு குறிப்பிட்ட ஊழியரைக் குறிவைத்து நிகழ்ந்திருக்கத் தேவையில்லை.
* பணியில் இருந்த காலத்தில் ஊழியர் அதனை அறிந்திருக்க வேண்டியதும் இல்லை.

வங்கி நேர்மையற்று நடத்தப்பட்டது என்பதை ஓர் எடுகோளாகக் கொண்டே இத்தீர்ப்பு வழங்கப்பட்டது. எனவே இழப்பை ஒவ்வொரு ஊழியரும் தனித்தனியே நிறுவ வேண்டியிருந்தது.

மெய்ப்பிப்பதில் உள்ள சிக்கல்

1999 இல் இவ்வங்கி ஊழியர்களின் மாதிரி வழக்குகளை இலண்டன் உயர் நீதிமன்றம் விசாரித்தது. களங்கமே வேலை கிடைக்காமைக்குக் காரணம் என்பது மெய்ப்பிக்கப்படாததால் அவை தோல்வியுற்றன. விண்ணப்பத்தை நிராகரிப்பவர் பெரும்பாலும் காரணம் கூறுவதில்லை. வயது, துறையின் மந்தநிலை, போட்டி ஆகியனவும் காரணமாக இருந்திருக்கலாம். இதனால் உரிமை கோட்பாட்டளவில் ஏற்கப்பட்டபோதிலும், அதன்வழி இழப்பீடு பெறுவது அரிதாகவே உள்ளது.

இவற்றையும் பார்க்க

* பணி ஒப்பந்தம்
* தொழிலாளர் சட்டம்
* அவதூறு