பைக்குள் புகுந்த கதிர்

மின்நிலையங்களிலும் எண்ணெய் ஆலைகளிலும் பெருங்குழாய்களைப் பற்றவைத்து இணைக்கின்றனர். இணைப்பினுள்ளே வெடிப்போ குமிழோ உண்டா என்பதைக் கண்ணால் அறிதல் இயலாது. மருத்துவர் நம் நெஞ்சைப் படம் பிடிப்பதுபோல, குழாயின் ஒருபுறம் கதிர்மூலத்தையும் மறுபுறம் படத்தாளையும் வைத்துச் சோதிப்பர். பெரும்பாலும் இரிடியம் 192 என்னும் பொருளே இதற்குப் பயன்படுகின்றது. கனத்த கவசப் பெட்டியுள் உறங்கும் அச்சிறு துண்டினை வடம் ஒன்றால் வெளியே தள்ளி, வேலை முடிந்ததும் உள்ளிழுத்துக்கொள்வர்.

வடத்தினின்று அது கழன்று வீழ்ந்தால் யாது நிகழும்? அது சுடாது, ஒளிராது, மணக்காது. வழியில் கிடக்கும் வெறும் உலோகத் துண்டு. அதனைக் கண்டவர் எடுத்துப் பையிலிட்டுக்கொண்டதில் வியப்பென்ன? மாணவர் பைகளைச் சோதித்த ஆசிரியர் அறிவர்: ஆணி, மரை, ரப்பர் விதை, உடைந்த பூட்டு!

1962 மார்ச்சில் மெக்சிகோ நகரில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அவ்வாறே செய்தான். அவனுக்குக் கிடைத்தது கோபால்ட் 60. சில நாள் அவன் கால்சட்டைப் பையிலும் பின்னர் சமையலறைப் பேழையிலும் அது இருந்தது. அருகிலிருந்த கண்ணாடிக் குவளைகள் கறுத்தன. காரணம் எவர்க்கும் விளங்கவில்லை. உண்மை வெளிப்பட நான்கு மாதங்களாயின. சிறுவன், தாய், தங்கை, பாட்டி என நால்வர் மாண்டனர்.

1984-இல் மொரோக்கோவின் முகம்மதியாவில் மின்நிலையக் கட்டுமானத்தின்போது கழன்று வீழ்ந்த இரிடியத்தைத் தொழிலாளி ஒருவர் வீட்டுக்குக் கொண்டுசென்றார். எண்மர் இறந்தனர். முதலில் நஞ்சுண்டு இறந்தனர் என்றே எண்ணினர்.

1999 பிப்ரவரி 20-ஆம் நாள் பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில் நிகழ்ந்தது வேறுவிதம். அங்கு உண்மை சில மணி நேரத்திலேயே வெளிப்பட்டது. ஆயினும் அச்சில மணியே போதுமானதாயிற்று. பற்றவைப்பாளர் ஒருவர் மாலை நான்கு மணியளவில் 37 கியூரி வலிமையுள்ள துண்டினை எடுத்துக் கால்சட்டையின் வலப் பின்பையில் வைத்தார். இரவுவரை வேலை செய்தார். தொடையில் வலி கண்டது. வீடு சென்றதும் மருத்துவரிடம் காட்டினார். பூச்சிக்கடி என்றார் அவர். கழற்றிப் போட்ட கால்சட்டைமீது அமர்ந்து மனைவி குழந்தைக்குப் பாலூட்டினார்.

அங்கோ, படம் பிடிப்போர் வெறும் பெட்டியை வைத்துக்கொண்டு வேலை செய்திருந்தனர்! படத்தைக் கழுவியபோது அதில் கதிர் பட்ட சுவடே இல்லை. அப்போதுதான் மூலத்தைக் காணோம் என்பது புலனாயிற்று. தொடங்குமுன் கதிர்மானியைப் பெட்டியருகே பிடித்திருப்பின், பற்றவைப்பாளர் பணியிடத்தை விட்டு அகலுமுன்பே தேடியிருக்கலாம். தேடிக்கொண்டு அவர் இல்லத்தை அவர்கள் அடைந்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது. அவர் உயிர் பிழைத்தார். வலக்காலைப் பின்னர் வெட்டி அகற்ற நேர்ந்தது. மனைவியின் முதுகிலும் புண் தோன்றிற்று.